மேயருக்கு எழுதுவதற்கு முன்: அமெரிக்க ஊர்களில் சிட்டி மேனேஜர் யார், அவரிடம் எதைக் கேட்கலாம்

அமெரிக்காவில் புதிதாகக் குடியேறிய நம்மவர்கள் சிட்டி ஹாலைத் தேடிப் போவது பெரும்பாலும் ஒரு குறையோடுதான். பள்ளிக்கூடத்துக்கு எதிரே சாலையைக் கடக்கக் கோடு இல்லை, தெருவிளக்கு மாதக்கணக்கில் எரியவில்லை, வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி நிலத்தில் அபார்ட்மென்ட் வரப்போகிறதாம். உடனே மேயருக்கு ஒரு மின்னஞ்சல் போகும். சில நாளில் பணிவாக ஒரு பதிலும் வரும்: உங்கள் கடிதத்தைச் சிட்டி மேனேஜருக்கு அனுப்பிவிட்டோம். தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைத்து அத்தோடு விட்டுவிடுகிறவர்கள் நிறைய. உண்மையில் கடிதம் அப்போதுதான் சரியான மேசைக்குப் போயிருக்கிறது. அந்த மேசைக்குரியவர் யார், அவர் கையில் எது இருக்கிறது, எது இல்லை என்பது முன்பே தெரிந்திருந்தால் அலைச்சல் பாதியாகக் குறையும்.

முதலில், உங்கள் ஊர் எந்த வகை என்று பாருங்கள்

எல்லா ஊருக்கும் சிட்டி மேனேஜர் கிடையாது. நியூயார்க், சிகாகோ, ஹூஸ்டன், ஃபிலடெல்ஃபியா போன்ற நகரங்களில் மக்கள் தேர்ந்தெடுத்த மேயரே நிர்வாகத்தின் தலைவர். அங்கே மேயருக்கு எழுதுவதுதான் சரி. ஆனால் நம் மக்கள் அதிகம் வாழும் பல ஊர்கள் வேறு வகை. டெக்சாஸில் பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங், கலிஃபோர்னியாவில் ஃபிரிமான்ட், சன்னிவேல், வட கரோலினாவில் கேரி, இல்லினாயில் நேப்பர்வில் எல்லாம் கவுன்சில் – மேனேஜர் முறையில், அதாவது மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சில் ஒரு மேனேஜரை வேலைக்கு வைத்து நிர்வாகத்தை நடத்தும் முறையில் நடக்கின்றன. சின்ன ஊர்களுக்கு மட்டும் உரிய ஏற்பாடு இது என்று நினைத்துவிட வேண்டாம். டாலஸ், சான் ஆன்டோனியோ, சான் ஹோசே, ஆஸ்டின், சார்லட் ஆகியவையும் இப்படித்தான். இந்த முறையில் இயங்கும் நகரங்களில் மிகப் பெரியது ஃபீனிக்ஸ்.

பதவியின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சிட்டி அட்மினிஸ்ட்ரேட்டர், பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று பல பெயர்கள் உண்டு. ஓக்லண்டில் சிட்டி அட்மினிஸ்ட்ரேட்டர் இருக்கிறார், ஆனால் அவர் மேயருக்குக் கீழே. ஆகவே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அவரை நியமிப்பது யார், நீக்குவது யார்? கவுன்சில் என்றால் அது மேனேஜர் முறை. மேயர் என்றால் உண்மையான அதிகாரம் மேயரிடம்.

இதற்கான பதில் ஊரின் சாசனத்தில், அதாவது ஊர் நிர்வாகத்தின் அடிப்படைச் சட்டத்தில் இருக்கும். சிட்டி இணையதளத்தில் சார்ட்டர் என்று தேடினால் கிடைத்துவிடும். சாசனம் இல்லாமல் மாநிலப் பொதுச் சட்டப்படி நடக்கும் ஊர்களில், நகரச் சட்டத் தொகுப்பில் மேனேஜர் பற்றிய பகுதியைப் பாருங்கள். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. மேனேஜர் நியமனமும் நீக்கமும், மேனேஜரின் கடமைகள், கவுன்சிலுக்கும் ஊழியர்களுக்கும் உள்ள உறவு ஆகிய மூன்று பகுதிகள் போதும். அரைமணி நேரத்தில் படித்துவிடலாம்.

ஒரு ஊர் எப்போதும் ஒரே வகையில் இருக்கும் என்றும் இல்லை. சான் டியேகோ பல பத்தாண்டுகள் மேனேஜர் முறையில் இருந்துவிட்டு, 2004 வாக்கெடுப்பின்படி 2006 முதல் மேயர் முறைக்கு மாறியது.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைய விதிகள் பலவற்றுக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் கட்சிக்காரர்கள் வைத்ததே சட்டம். சாலை ஒப்பந்தம் முதல் துப்புரவு வேலை வரை கட்சி விசுவாசத்துக்குக் கிடைக்கும் பரிசாக இருந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் ஸ்டான்டன் என்ற சிறு நகரம் 1908-இல் சார்லஸ் ஆஷ்பர்னர் என்ற பொறியாளரைப் பொது மேலாளராக நியமித்தது. ரிச்சர்ட் சைல்ட்ஸ் என்ற சீர்திருத்தவாதி இந்த யோசனைக்கு முழு வடிவம் கொடுத்தார். 1912-இல் தெற்கு கரோலினாவின் சம்டர் அதை ஏற்றுக்கொண்டது.

நாட்டின் கவனம் இதன்மேல் திரும்பியது ஒஹாயோவின் டேடன் நகரத்தால். 1913 மார்ச்சில் பெருவெள்ளம் அந்த நகரத்தை நாசமாக்கியது. மீட்பு வேலையில் பழைய நிர்வாகம் தடுமாறியதைக் கண்ட மக்கள் அதே ஆண்டு புதிய சாசனத்துக்கு வாக்களித்தார்கள். 1914-இல் ஹென்றி வெயிட் மேனேஜராகப் பொறுப்பேற்றார். அவரும் பொறியாளர்தான், அதுவும் வெளியூர்க்காரர். யாருடைய ஆளாகவும் இல்லாதவர், வேலை தெரிந்தவர் என்ற அந்தத் தகுதியைத்தான் இன்றும் மேனேஜரிடம் எதிர்பார்க்கிறார்கள்.

யார் கையில் எது

என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்வது கவுன்சில், அதை எப்படிச் செய்வது என்பது மேனேஜர் பொறுப்பு. சொத்து வரி விகிதம், பட்ஜெட்டுக்கு இறுதி ஒப்புதல், நகரச் சட்டங்கள், எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற மண்டல விதிகள் எல்லாம் கவுன்சில் வாக்களித்து முடிவு செய்பவை. அந்த முடிவுகளை நிறைவேற்ற ஆளை வைப்பதும், துறைகளை நடத்துவதும், பணத்தைச் செலவிடுவதும், கணக்குக் காட்டுவதும் மேனேஜர் வேலை. அவருக்குக் கவுன்சிலில் வாக்கு கிடையாது. இந்த முறையில் மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், ஊரின் முகமாக இருப்பார், பெரும்பாலும் மற்ற உறுப்பினர்களைப் போல ஒரு வாக்குப் போடுவார். பெரும்பாலான ஊர்களில் கவுன்சில் முடிவை ரத்து செய்யும் அதிகாரம் அவருக்கு இருக்காது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இவரை மாநகராட்சி ஆணையரோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ள முயல்வார்கள். பாதிதான் பொருந்தும். ஆணையரை அனுப்புவதும் மாற்றுவதும் மாநில அரசு. இங்கே மாநில ஆளுநருக்கு அதில் பங்கே இல்லை. ஊர் கவுன்சில் விளம்பரம் கொடுத்து, நேர்காணல் நடத்தி, ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுக்கிறது. வேண்டாமென்றால் அதே கவுன்சில் வாக்களித்து அனுப்பிவிடுகிறது. பெரும்பாலான ஊர்களில் சாதாரணப் பெரும்பான்மையே போதும்.

சாசனத்தில் இன்னொரு விதியைத் தேடிப் பாருங்கள். கவுன்சில் உறுப்பினர்கள் மேனேஜருக்குக் கீழே உள்ள ஊழியர்களுக்கு நேரடியாக உத்தரவிடக் கூடாது, யாரை வேலைக்கு எடுப்பது, யாரை நீக்குவது என்பதில் தலையிடக் கூடாது என்று பல சாசனங்கள் சொல்கின்றன. அதனால்தான் உங்கள் வார்டு உறுப்பினரிடம் “சாலைத் துறைக்குச் சொல்லி இந்தக் குழியை மூடச் சொல்லுங்கள்” என்றால், “மேனேஜரிடம் கேட்கிறேன்” என்கிறார். அவர் சட்டப்படி நடந்துகொள்கிறார்.

தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு இந்தப் பிரிவினை மிகவும் உதவும். பொங்கல் விழாவுக்கு வாழ்த்துப் பிரகடனம் வேண்டுமென்றால் மேயர் அலுவலகம். விழா நடத்தப் பூங்கா வேண்டுமென்றால், ஒலிபெருக்கி அனுமதி, காப்பீட்டுச் சான்றிதழ், சாலையை மூடுவது எல்லாம் மேனேஜருக்குக் கீழே உள்ள துறைகள். இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். பிரகடனத்தில் மேயர் கையெழுத்துப் போட்டுவிட்டதால் பூங்கா அனுமதி தானாக வந்துவிடாது.

மேனேஜரின் மேசையில் இருப்பவை

அவருடைய ஆண்டில் மிகப் பெரிய வேலை பட்ஜெட். கலிஃபோர்னியா, வட கரோலினா ஊர்களின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. டெக்சாஸில் பெரும்பாலும் அக்டோபர் 1. அதற்குச் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ முன்பே மேனேஜர் தன் முன்மொழிவை வெளியிடுவார். பல நூறு பக்கம் இருக்கும், மலைக்க வேண்டாம். முன்பக்கத்தில் கவுன்சிலுக்கு மேனேஜர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கும். அதை மட்டும் முதலில் படியுங்கள். வரி வருமானம் எப்படி இருக்கிறது, எத்தனை புதிய பணியிடம், எது தள்ளிப்போடப்படுகிறது என்பதை அவரே சொல்லியிருப்பார். அடுத்ததாக, பெரிய கட்டுமான வேலைகளுக்கான பல ஆண்டுத் திட்டப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் தெருவின் நடைபாதையோ போக்குவரத்து விளக்கோ அந்தப் பட்டியலில் இல்லையென்றால், யார் என்ன வாக்குறுதி கொடுத்திருந்தாலும் அதற்குப் பணம் இல்லை என்றுதான் பொருள்.

இரண்டாவது, ஆட்கள். பொதுப்பணி, பூங்கா, நூலகம், தீயணைப்பு என்று துறைத் தலைவர்களை அவர்தான் நியமிக்கிறார். இத்தகைய ஊர்களில் பெரும்பாலும் காவல்துறைத் தலைவரை நியமிப்பதும் அவரே. டாலஸ் போன்ற பெரிய நகரத்திலும் அப்படித்தான். காவல்துறை நடந்துகொண்ட விதம் பற்றிய குறை கடைசியில் மேனேஜரிடம் போய்ச் சேருவது இதனால்தான். அதே சமயம் சிட்டி வழக்கறிஞர், சிட்டி செக்ரட்டரி அல்லது கிளார்க், தணிக்கையாளர் போன்றவர்களைப் பல ஊர்களில் கவுன்சிலே நேரடியாக நியமிக்கிறது. அவர்கள் மேனேஜருக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல.

மூன்றாவது, ஆலோசனை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். கவுன்சில் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பொருளோடும் ஊழியர் அறிக்கை ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். பின்னணி, நிதித் தாக்கம், மாற்று வழிகள், பரிந்துரை என்று பிரித்து எழுதியிருப்பார்கள். அந்தப் பரிந்துரை மேனேஜரின் ஒப்புதலோடு வருகிறது. வாக்களிப்பது கவுன்சில்தான் என்றாலும், எந்த வழிகளுக்கிடையே வாக்களிப்பது என்பதை வடிவமைப்பது அவர். ஆகவே கூட்டத்தில் பேசப் போகிறவர்கள் அந்த அறிக்கையைப் படிக்காமல் போகாதீர்கள். “ஊழியர் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் உள்ள மாற்று வழியை ஏன் பரிசீலிக்கவில்லை?” என்ற ஒரு கேள்விக்கு இருக்கும் பலம் பத்து நிமிட ஆவேசப் பேச்சுக்கு இருக்காது.

புயல், வெள்ளம், காட்டுத்தீ நேரத்தில் யார் பொறுப்பு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸ் சட்டப்படி நகரின் அவசரகால இயக்குநர் மேயர். கலிஃபோர்னியாவில் பல ஊர்களில் அந்தப் பொறுப்பு மேனேஜருடையது.

அவரிடம் கேட்டுப் பயனில்லாதவை

பள்ளிக்கூடம். புதிதாக வருகிறவர்கள் மிக அதிகமாகக் குழம்புவது இங்கே. பெரும்பாலான மாநிலங்களில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் தனி அரசாங்கம் போன்றது. அதற்குத் தனித் தேர்தல், தனி வரி, தனிக் கண்காணிப்பாளர் உண்டு. எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்பதைச் சிட்டி மேனேஜரால் மாற்ற முடியாது.

சொத்து வரி ரசீதும் அப்படியே. அதில் சிட்டியின் பங்கு ஒரு பகுதிதான். டெக்சாஸில் பொதுவாகப் பெரும்பங்கு பள்ளிக்குப் போகிறது, வீட்டின் மதிப்பைக் கணக்கிடுவதும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) அளவிலான மதிப்பீட்டு அலுவலகம். மதிப்பு அதிகம் என்று முறையிட வேண்டிய இடம் அதுதான். நீதிமன்றம், சிறை, பொதுச் சுகாதாரம் பெரும்பாலும் கவுண்டியிடம். ஊருக்குள்ளே ஓடினாலும் மாநில நெடுஞ்சாலை மாநிலப் போக்குவரத்துத் துறைக்குச் சொந்தம். வேலிக்கு என்ன வண்ணம் என்ற சண்டை வீட்டு உரிமையாளர் சங்கமான ஹெச்.ஓ.ஏ.வோடு.

ஒரு குறையைக் கொண்டுபோகும் விதம்

பள்ளி எதிரே சாலையைக் கடக்கும் கோடு வேண்டும் என்பதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் சாலை யாருடையது என்று கேளுங்கள். சிட்டியுடையது என்றால், சிட்டி சேவைகளுக்கான 311 தொலைபேசி எண்ணிலோ சிட்டி செயலியிலோ இணையப் படிவத்திலோ கோரிக்கையைப் பதிந்து அதன் எண்ணைக் குறித்து வையுங்கள். எழுதும்போது உங்கள் கோபத்தைவிட விவரம் முக்கியம்: எந்தச் சந்திப்பு, காலை எத்தனை மணிக்குப் பிள்ளைகள் கடக்கிறார்கள், பக்கத்தில் கோடு உள்ள சந்திப்பு எவ்வளவு தூரம், ஒரு புகைப்படம். போக்குவரத்துப் பொறியாளர் அங்கே வந்து நடப்பவர்களையும் வண்டிகளையும் எண்ணுவார், வேகத்தை அளப்பார், தேசியப் போக்குவரத்துக் குறியீட்டுக் கையேட்டின் அளவுகோலோடு ஒப்பிடுவார். அதனால் கோடை விடுமுறையில் கேட்காதீர்கள், பள்ளி நடக்கும் மாதங்களில் கேளுங்கள்.

முடியாது என்று பதில் வந்தால் அந்த ஆய்வின் நகலைக் கேளுங்கள். பதிலே வரவில்லையென்றால் துறைத் தலைவருக்கு எழுதுங்கள். அதற்கும் அசைவில்லையென்றால் மேனேஜர் அலுவலகம். மின்னஞ்சல் நாலைந்து வரிகள் போதும்: கோரிக்கை எண், பதிந்த தேதி, இதுவரை யார் என்ன சொன்னார்கள், இப்போது எதைக் கேட்கிறீர்கள். உங்கள் பகுதி கவுன்சில் உறுப்பினரையும் அதில் சேருங்கள். பெரும்பாலும் உதவி சிட்டி மேனேஜர் ஒருவர் பதில் எழுதுவார். அதைக் குறைவாக எண்ண வேண்டாம், அந்தத் துறையே அவருக்குக் கீழேதான் இருக்கும்.

பொறியாளர் விதிப்படி சரியாகத்தான் மறுத்திருக்கிறார், விதியோ நிதியோ மாற வேண்டும் என்ற நிலை வந்தால், அது கவுன்சிலுக்குரிய விஷயம். கூட்டத்தில் போய்ப் பேசுங்கள். பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. ஹெச்1பி விசாவில் இருப்பவரும் பேசலாம். வழக்கமாக மூன்று நிமிடம் கிடைக்கும், கூட்டம் அதிகமென்றால் குறையும். நம் வீட்டுப் பெரியவர்கள் தமிழில் பேச விரும்பினால் மொழிபெயர்ப்பாளரோடு பேசலாம். அப்படிப் பேசுகிறவருக்கு, உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி இல்லாத இடத்தில், இருமடங்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் சட்டமே இருக்கிறது. பேரப்பிள்ளைகளை நாள்தோறும் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகும் தாத்தா பாட்டியைவிட அந்தச் சாலையைப் பற்றிப் பேசத் தகுதியானவர் யார்?

நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளைப் பேசினால் கவுன்சில் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும். முதல்முறை பேசுகிறவர்களுக்கு அது முகத்தில் அறைந்தது போல இருக்கும். ஆனால் முன்னறிவிப்பு இல்லாத பொருளில் விவாதமோ முடிவோ கூடாது என்பது டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களின் திறந்த கூட்டச் சட்டம். கலிஃபோர்னியாவில் வழக்கமான கூட்டத்தின் நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும். எனவே அன்றைக்கு நீங்கள் கேட்க வேண்டியது: “இதை அடுத்த கூட்டங்களில் ஒன்றின் நிரலில் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.” பெரும்பாலும் கூட்டம் முடிந்ததும் ஊழியர் ஒருவர் உங்களிடம் வந்து பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்கிக்கொள்வார். மேனேஜர்தான் அவரை அனுப்பியிருப்பார்.

அவரைக் கண்காணிப்பது

மக்கள் வாக்களித்து வராதவரிடம் இவ்வளவு அதிகாரம் இருக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. லாஸ் ஏஞ்சலஸ் அருகே பெல் என்று ஒரு சிறு நகரம். நாற்பதாயிரம் பேர்கூட இல்லை, பெரும்பாலும் உழைக்கும் குடும்பங்கள். அங்கே சிட்டி மேனேஜராக இருந்த ராபர்ட் ரிஸோ ஆண்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்ததை 2010-இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. பகுதி நேரப் பதவியில் இருந்த கவுன்சில் உறுப்பினர்களும் லட்சம் டாலர் அளவில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ரிஸோவுக்கு 2014-இல் 12 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இதற்கு வழி திறந்தது 2005-இல் நடந்த ஒரு சிறப்புத் தேர்தல். அதில் நிறைவேறிய சாசனம் கவுன்சில் சம்பளத்துக்கு மாநிலம் வைத்திருந்த வரம்பிலிருந்து ஊரை விடுவித்தது. அன்று வாக்களித்தவர்கள் 400 பேருக்கும் குறைவு. சாசனத் தேர்தல் என்று ஒரு அட்டை தபாலில் வந்தால் தூக்கிப் போடாமல் படிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

மேனேஜரின் ஒப்பந்தமும் சம்பளமும் பொது ஆவணங்கள். கேட்டால் கொடுத்தாக வேண்டும். கூட்டாட்சி அரசின் தகவல் உரிமைச் சட்டம் ஊராட்சிகளுக்குப் பொருந்தாது, மாநிலச் சட்டத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். சான் ஆன்டோனியோ மக்கள் 2018-இல் மேனேஜரின் பதவிக்காலத்துக்கு எட்டு ஆண்டும், சம்பளத்துக்கு மிகக் குறைந்த சம்பளம் வாங்கும் முழுநேர ஊழியரைப்போல் பத்து மடங்கும் வரம்பாக வைத்தார்கள். 2024-இல் அவர்களே அந்த வரம்புகளை நீக்கினார்கள். இரண்டையும் செய்தது வாக்காளர்கள்.

மேனேஜர்களின் தொழில் அமைப்பு, சுருக்கமாக ஐ.சி.எம்.ஏ., 1914-இல் தொடங்கியது. 1924 முதல் அதற்கு ஒழுக்க நெறி உண்டு. கவுன்சில் தேர்தலில் எந்த வேட்பாளருக்கும் ஆதரவாக வேலை செய்யக் கூடாது என்பது அதில் முக்கியமானது. ஆகவே நம்மவர் ஒருவர் தேர்தலில் நின்றால் அந்த நிதிதிரட்டு விருந்துக்கு மேனேஜரை அழைத்துச் சங்கடப்படுத்தாதீர்கள். வேலை நடந்ததற்கு நன்றியாகப் பரிசுக் கூடையும் கொடுத்தனுப்ப வேண்டாம், அவர் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கலாம். வேலை செய்த ஊழியரின் பெயரைச் சொல்லி மேனேஜருக்கும் கவுன்சிலுக்கும் ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள்.

உள்ளே போக விரும்பினால்

பல ஊர்கள் ஆண்டுதோறும் குடியிருப்போருக்கு நிர்வாக வகுப்பு நடத்துகின்றன. வாரம் ஒரு மாலை என்று தீயணைப்பு நிலையம், குடிநீர் நிலையம், பட்ஜெட் அலுவலகம் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவார்கள். பெரும்பாலும் கட்டணம் இல்லை. திட்டக் குழு, பூங்காக் குழு, நூலகக் குழு போன்றவற்றுக்கும் விண்ணப்பம் கேட்பார்கள். சில ஊர்களில் பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும், சிலவற்றில் அங்கே வசித்தால் போதும்.

கல்லூரி போகும் பிள்ளைகளுக்கு இதை ஒரு தொழிலாகவும் எடுத்துச் சொல்லுங்கள். பொது நிர்வாகத்தில் முதுகலை, படிக்கும்போதே மேனேஜர் அலுவலகத்தில் பயிற்சி, பிறகு நிர்வாக ஆய்வாளர், துறைத் தலைவர், உதவி மேனேஜர் என்பது வழக்கமான பாதை. பொறியியல், நிதித் துறைகளிலிருந்து வந்தவர்களும் உண்டு. கோடைக்காலப் பயிற்சிக்கான அறிவிப்புகளைச் சிட்டி இணையதளத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் குளிர்காலத்திலேயே தேடத் தொடங்கச் சொல்லுங்கள்.